பின்வரிசைக்காரர்களின் கேமரா

தில்லியில் மத்திய அரசு ஊழியர்களை இரண்டாகப் பிரிக்கலாம். முன்வரிசைக்கு அழைப்பிதழ் வருகிறவர்கள் ஒரு பக்கம். பின்னால் போய் இடம் பிடிக்கிறவர்கள் மறு பக்கம். இணைச் செயலாளரும் அவருக்கு மேலே இருப்பவர்களும் முதல் ரகம். செக்ஷன் ஆபீசர், அசிஸ்டென்ட், யு.டி.சி., ஸ்டெனோ எல்லாரும் இரண்டாவது. நான் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவள். பள்ளி ஆண்டு விழா, கோயில் கும்பாபிஷேகம், கச்சேரி என்று எதையும் முதல் பத்து வரிசைக்குள் உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கில் இருந்தவர்கள் எல்லாரும் என் ரகம்தான். இங்கே நான் எழுதப்போவது அவர்கள் வாங்கிய கேமராவைப் பற்றி. ஒரு குறிப்பிட்ட மாடல் அல்ல, ஒரு வகை. கைப்பையில் அடங்கும், கால் கிலோ எடை இருக்கும், ஆனால் ஜூம் மட்டும் பத்து மடங்கு, இருபது மடங்கு, கடைசியில் நாற்பது மடங்குவரை போகும். கேமராப் பத்திரிகைகள் ‘டிராவல் ஜூம்’ என்று எழுதின. எங்கள் காலனியில் ‘பெரிய ஜூம்’ என்றாலே புரியும். 2006 வாக்கில் வந்தது, பத்துப் பன்னிரண்டு வருஷம் கொடிகட்டிப் பறந்தது, போய்விட்டது. கேமராவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் லைக்காவில் ஆரம்பித்து நிக்கானில் நிற்பார்கள். இந்தக் குட்டிக் கேமராக்களின் பக்கம் அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை.

மோதி பாக் தென்மேற்கு தில்லியில், ரிங் ரோட்டை ஒட்டியிருக்கிறது. ஒரு பக்கம் சாணக்யபுரியின் தூதரகங்கள், இன்னொரு பக்கம் ராமகிருஷ்ணபுரம். ரிங் ரோட்டின் மேலேயே குருத்வாரா மோதி பாக் சாஹிப். 1707இல் குரு கோபிந்த் சிங் தில்லிக்கு வந்தபோது இங்கே தங்கினார். இங்கிருந்து அவர் எய்த அம்பு செங்கோட்டையில் பகதூர் ஷாவின் இருக்கைக்குப் பக்கத்தில் போய்த் தைத்தது என்பது சீக்கிய மரபு. செங்கோட்டை இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல். “தூரத்தில் இருப்பதை எட்டிப் பிடிப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை பஹன்ஜி” என்று எங்கள் பக்கத்து வீட்டு சர்தார்ஜி, கேமரா வாங்கி வந்த அன்று சொன்னார்.

தமிழர்களை இங்கே இழுத்தது பள்ளிக்கூடம். 1923இல் மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். அதன் ஏழு பள்ளிகளில் ஒன்று மோதி பாக்கில் இருக்கிறது. தமிழ்ச் சங்கமும், 1973இல் கும்பாபிஷேகம் ஆன மலை மந்திரும் ராமகிருஷ்ணபுரத்தில். குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பகுதியைக் கேட்டு எழுதிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய.

நாங்கள் வந்த புதிதில் வீட்டுக் கேமரா என்றால் ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்தது. 120 ஃபிலிம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். வெயில், மேகம், கிட்டத்தில் என்பதற்கு மேல் திருப்ப ஒன்றுமில்லை. அதில் மேடையைப் படம் எடுத்தால் மேடை வரும், மேடையில் நிற்கிறவர்கள் வரமாட்டார்கள். ஜூம் லென்ஸ் அப்போதே உலகத்தில் இருந்தது. ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் 1959இலேயே 35 மில்லிமீட்டர் கேமராவுக்கு ஸூமார் என்ற ஜூம் லென்ஸை விற்றது. 1986இல் பென்டாக்ஸ், கையடக்கக் கேமராவுக்குள்ளேயே ஜூமைப் பொருத்தி ஜூம்-70 என்று கொண்டுவந்தது. 35இலிருந்து 70 வரை, இரண்டே மடங்கு. துபாயிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் அதெல்லாம் எங்கள் கண்ணில் படும்.

ஃபிலிம் கேமராவில் பெரிய ஜூம் ஏன் சின்னதாக இருக்க முடியவில்லை என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது எளிது. ஒரு 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஃபிலிமிலிருந்து ஏறக்குறைய அத்தனை தூரம் தள்ளி நிற்க வேண்டும், அதாவது ஒரு அடி. டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமின் இடத்தில் ஒரு சென்சார். இந்தக் குட்டிக் கேமராக்களில் அது சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர்தான், ஒரு துவரம்பருப்பு அகலம். ஃபிலிம் பிரேமின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. படம் விழும் இடம் அவ்வளவு சுருங்கியதும் லென்ஸும் சேர்ந்து சுருங்கியது. 2009இல் வந்த பானசோனிக் டி.இஸட்.7இல் 300 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள், உண்மையில் அந்த லென்ஸ் 49 மில்லிமீட்டர். அதையும் மூன்று குழாயாக ஒன்றுக்குள் ஒன்று செருகி, அணைத்தால் உள்ளே போய் மூடிக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள்.

இன்னொரு முடிச்சு கை நடுக்கம். 300 மில்லிமீட்டரில் விநாடியில் முந்நூறில் ஒரு பங்குக்குள் படத்தை எடுத்துவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. மண்டப வெளிச்சத்தில் அது நடக்காது. ஒலிம்பஸ் 2000இல் சி-2100 என்ற பத்து மடங்கு ஜூம் கேமராவில் நடுக்கத்தைத் தணிக்கும் லென்ஸ் போட்டது. 2002இல் பானசோனிக் எஃப்.இஸட்.1 பன்னிரண்டு மடங்குக்குப் போட்டது. இரண்டும் தோளில் மாட்டுகிற உருவம். 2006இல்தான் அதே பானசோனிக், டி.இஸட்.1 என்று பத்து மடங்கு ஜூமைக் கைப்பை அளவுக்குக் கொண்டுவந்தது. பிறகு கேனனின் எஸ்.எக்ஸ்.200, சோனியின் எச்.எக்ஸ்.5, நிக்கானின் எஸ் வரிசை என்று எல்லாரும் இறங்கினார்கள். பன்னிரண்டு, பதினாலு, பதினாறு, இருபது என்று வருஷத்துக்கு வருஷம் ஏறி, 2013இல் முப்பதும் 2016இல் நாற்பதும் ஆயிற்று.

இதெல்லாம் ஜப்பானில் நடந்தது. மோதி பாக்கில் நடந்தது வேறு.

ஆறாவது சம்பளக் கமிஷன் பரிந்துரைகளை அரசு 2008 ஆகஸ்டில் ஏற்றது. 2006 ஜனவரியிலிருந்து அரியர்ஸ். அதில் நாற்பது சதவீதம் 2008-09இல், மீதி அறுபது 2009-10இல். வாழ்க்கையில் முதல்தடவையாக எங்கள் பிளாக்கில் எல்லார் கையிலும் ஒரே சமயத்தில் கொஞ்சம் பணம் இருந்தது. அதே 2008இல் இன்னொரு உத்தரவு: சொந்த ஊருக்குப் போய்வர அரசு தருகிற விடுமுறைப் பயணச் சலுகையான எல்.டி.சி.யை வடகிழக்கு மாநிலங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம், விமானத்தில் போகலாம். 2010இல் ஜம்மு காஷ்மீருக்கும் அந்தச் சலுகை வந்தது. அதுவரை எல்.டி.சி. என்றால் ஜி.டி. எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும்தான். கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருந்த மாமியார்களுக்கு இந்த உத்தரவுகள் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காஜிரங்காவில் காண்டாமிருகத்தையும் குல்மார்க்கில் பனியையும் பார்க்கப் போகிறவர்களுக்குக் கேமரா வேண்டியிருந்தது. காண்டாமிருகம் கிட்டத்தில் வந்து நிற்காது என்பதால் ஜூமும் வேண்டியிருந்தது. சம்பளக் கமிஷன், எல்.டி.சி. உத்தரவு, டி.இஸட்.7, மூன்றும் ஒரே இரண்டு வருஷத்துக்குள் வந்து சேர்ந்ததுதான் எங்கள் காலனியின் கேமரா வரலாறு. ஒன்று குறைந்திருந்தாலும் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வாங்குகிற இடம் சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி. செங்கோட்டைக்கு எதிர்ப்பக்கத்துச் சந்து, இரண்டு பேர் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் எதிரெதிரே போகலாம். உள்ளே போனால் மாடிக்கு மாடி கேமராக் கடை. முதல் கேள்வியே “பக்கா பில்லா, கச்சா பில்லா?” பக்கா பில் என்றால் வரியும் வாரண்டியும் உண்டு. கச்சா பில் என்றால் ஒரு துண்டுச் சீட்டு, விலை குறைவு, பழுதானால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியது. சர்க்கார் ஊழியர்கள் பெரும்பாலும் பக்கா பில்தான் கேட்பார்கள். அதைக் கடைக்காரர்கள் நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெட்டியின் மேல் ‘48 மடங்கு’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது பன்னிரண்டு மடங்கு ஆப்டிகல் ஜூமை நாலு மடங்கு டிஜிட்டல் ஜூமால் பெருக்கி வந்த கணக்கு. ஆப்டிகல் என்றால் கண்ணாடி நகர்ந்து உண்மையாகப் பெரிதாக்குவது. டிஜிட்டல் என்றால் எடுத்த படத்தின் நடுவை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. அதை வீட்டில் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம். நான் கடைக்காரரிடம், “ஆப்டிகல் எவ்வளவு, அதை மட்டும் சொல்லுங்கள்” என்றதும் அவர் மேலே பேசாமல் உள்ளேயிருந்து வேறொரு பெட்டியை எடுத்துவந்தார். விலை என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அதற்குப் பிறகு பிளாக்கில் யார் கேமரா வாங்கப் போனாலும், “அக்கா, நீங்களும் வாங்களேன்” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வீட்டு ஆண்களுக்கு அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

வாங்கினவர்களின் கருத்துக்கு வருகிறேன். தில்லிக் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பிளாக்குகளுக்கு நடுவே இருக்கிற புல்வெளிக்கு வருவார்கள். வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்து, ஸ்வெட்டர் பின்னி, ஆரஞ்சு தின்று, மத்தியானச் சாப்பாடு வரை பேச்சு. அந்த வருஷங்களில் பேச்சில் பாதி கேமரா. ஒருவர் கேமராவை இன்னொருவர் வாங்கி, ஷட்டரைச் சுற்றியிருக்கும் நெம்புகோலை டபிள்யூவிலிருந்து டி பக்கம் தள்ளி, குருத்வாராவின் குவிமாடத்தையோ எதிர் மாடிக் கொடியில் காயும் துணியையோ இழுத்துப் பார்ப்பார்கள். லென்ஸ் மெல்லிய முனகலோடு வெளியே நீளும். “என் வீட்டுத் துணியை எதுக்குடி பார்க்கறே” என்று ஒரு மாமி சத்தம் போடுவாள்.

அங்கே கேட்ட கருத்துகளில் முதலாவது, ஜூமைப் பற்றியதே அல்ல. பாலக்காட்டு மாமி சொன்னது: “இதுல தள்ளி நிக்க வேண்டாம்.” அவருடைய குவார்ட்டர்ஸ் எங்களுடையதைப் போலத்தான். கொலு வைக்கிற முன்னறையில் சுவரோடு முதுகை ஒட்டினாலும் படிக்கட்டுக்கும் உங்களுக்கும் மூன்று மீட்டர்தான் இடைவெளி. 35 மில்லிமீட்டர் லென்ஸ் அந்தத் தூரத்தில் மூன்று மீட்டர் அகலத்தைத்தான் பிடிக்கும். கொலுவை எடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவள் வரமாட்டாள். டி.இஸட்.1 35இல் தொடங்கியது. அடுத்து வந்த டி.இஸட்.3 28இல், டி.இஸட்.7 25இல். 25 என்றால் அதே சுவரிலிருந்து நாலேகால் மீட்டர் கிடைக்கும். ஒன்பது படி, பக்கவாட்டில் பார்க், பாடுகிற பெண்கள், சுண்டல் கிண்ணத்தோடு வாசலில் நிற்கிற பையன் எல்லாம் ஒரே படத்தில் வந்தார்கள். ரயில்வே போர்டில் இருந்த எதிர் பிளாக் மாமாவும் இதையேதான் சொன்னார், ஆனால் ரயிலை வைத்து. சாணக்யபுரியில் 1977இல் திறந்த ரயில் மியூசியத்துக்கு அவர் மாதம் ஒருமுறையாவது போவார். நீராவி இன்ஜினை முழுசாகப் பிடிக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து பூச்செடியில் கால் வைத்துத் தோட்டக்காரரிடம் திட்டு வாங்கியது நின்றுவிட்டதாம். பத்திரிகைகள் எல்லாம் ஜூமின் நீளத்தையே அளந்துகொண்டிருந்தபோது, சின்ன வீட்டில் குடியிருந்தவர்கள் அதன் குட்டை முனையைத்தான் முதலில் மெச்சினார்கள்.

நீள முனைக்கு வந்தால், என் சொந்தக் கணக்கு பள்ளி ஆண்டு விழா. இருபத்தைந்து மீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று வையுங்கள். பழைய மூன்று மடங்கு ஜூமில் 105 மில்லிமீட்டர்வரைதான் போகலாம். எட்டரை மீட்டர் அகலம் படத்தில் விழும், மொத்த மேடையும். அதில் என் பெண் யார் என்று எனக்குத் தெரியும், அவள் பாட்டிக்குத் தெரியாது. 300இல் மூன்று மீட்டர். நடுவில் என் பெண், இரு பக்கமும் ஒவ்வொருத்தி, மூவரின் முகமும் ஜிமிக்கியும். வெளிச்சம் போதாமல் படம் புள்ளி புள்ளியாக இருந்தது என்பது உண்மை. ஊருக்கு அனுப்பியபோது பாட்டி புள்ளிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஏன் இடது காதுல ஜிமிக்கி திரும்பியிருக்கு?” என்றுதான் கேட்டாள்.

சர்தார்ஜியின் கணக்கு டேராடூன். மகன் இந்திய ராணுவ அகாதமியில் பயிற்சி முடித்து அணிவகுப்பில் வந்தபோது, பெற்றோர் இருக்கையிலிருந்து பார்த்தால் எல்லாப் பையன்களும் ஒரே பையன். அவர் ஜூமை முழுக்க இழுத்து வரிசை வரிசையாகத் தேடி மகனைக் கண்டுபிடித்தார், அவர் மனைவி வெறும் கண்ணால் கண்டுபிடிப்பதற்கு முன்னால். அந்தப் பந்தயத்தில் ஜெயித்ததை அவர் சொல்லாத குளிர்காலம் இல்லை.

பறவைக்காரர் ஒருவரும் இருந்தார், நிதி அமைச்சகத்தில் ஸ்டெனோ. மோதி பாக்கிலும் நேதாஜி நகரிலும் அப்போது வேம்பும் அரசும் நாவலும் அடர்ந்திருக்கும். சாம்பல் இருவாச்சி வேப்பங்கிளையில் ஜோடியாக வந்து உட்காரும். செம்மார்புக் குக்குறுவான் நாள் முழுக்க டுக் டுக் என்று தட்டிக்கொண்டிருக்கும், தேடினால் கிடைக்காது. அவருடைய கருத்து கறாரானது: “இது பறவையைப் படம் எடுக்கிற கேமரா இல்லை மேடம். என்ன பறவைன்னு தெரிஞ்சுக்கிற கேமரா.” எனக்குத் தெரிந்து இந்த வகைக் கேமராவைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. அழகுக்காக அல்ல, அடையாளத்துக்காகத்தான் நாங்கள் எல்லாருமே வாங்கினோம். முகம் யாருடையது, பறவை எது, கோபுரத்தின் மேல் கலசத்தில் தண்ணீர் ஊற்றுகிற குருக்கள் யார். தெரிந்தால் கேமரா நல்ல கேமரா.

சோதனை செய்து மதிப்பெண் போடுகிறவர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளி உணர்திறன் 400ஐத் தாண்டினால் முடி, புல் எல்லாம் மெழுகுபோல் வழிகிறது, ஓரங்களில் ஊதா நிறம் படிகிறது, ஜூமின் கோடியில் கூர்மை இல்லை என்றெல்லாம் எழுதினார்கள். எல்லாம் மெய். ஆனால் நாங்கள் சரோஜினி நகர் கலர் லேபில் நாலுக்கு ஆறு அங்குலம் போட்டோம். அந்த அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1,800க்கு 1,200, சுமார் இருபத்திரண்டு லட்சம் புள்ளி போதும். ஒரு கோடி புள்ளி எடுக்கிற கேமராவில் ஐந்தில் ஒரு பங்குதான் காகிதத்துக்கு வந்தது. மெழுகும் ஊதாவும் அந்தச் சுருக்கத்தில் காணாமல் போயின. படத்தைத் திரையில் முழு அளவுக்கு விரித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லாததால், அந்தக் குறைகளைப் பார்த்தவர்களும் இல்லை.

எங்களுக்கு வேறு குறைகள். மே மாத வெயிலில் பின்பக்கத் திரை கன்னங்கரேலென்று ஆகிவிடும், துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் வேண்டும் என்று புல்வெளியில் எல்லாரும் கேட்டார்கள். 2014இல் டி.இஸட்.60, 2015இல் சோனி எச்.எக்ஸ்.90 என்று அதைச் சேர்த்தபோது காலம் கடந்துவிட்டது. தில்லித் தூசியும் ஒரு தொல்லை. லென்ஸ் நீளும்போது காற்றை உள்ளே இழுக்கிறது, சுருங்கும்போது தள்ளுகிறது, சைக்கிள் பம்பு மாதிரி. இரண்டு கோடைப் புழுதிப்புயலுக்குள் சென்சாரில் தூசி உட்கார்ந்து எல்லா வானத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் பொட்டு வைக்கும். என்னுடைய ஒரு கேமரா ராஜஸ்தான் போய்வந்ததும் லென்ஸை நீட்டிய நிலையிலேயே நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசு வந்துவிடும். வாங்கினேன். பேட்டரி விஷயம் வேறு கதை. 2009இல் பானசோனிக் கேமராவுக்குள் ஓடுகிற மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி, வெளியார் செய்த பேட்டரிகளை ஏற்க முடியாதபடி செய்தது. எங்கள் காலனியில் ஃபர்ம்வேர் என்ற ஒன்றை யாரும் தொட்டதே இல்லை என்பதால் பழைய கேமராக்களில் பாலிகா பஜார் பேட்டரி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஜூமைக் கூட்டிக்கொண்டே போனதில் ஒரு உச்சவரம்பு இருந்தது. அதை எங்களுக்குக் காட்டியது தில்லிக் காற்று. முப்பது மடங்கில் 720 மில்லிமீட்டர் என்று போட்டார்கள். உண்மையான 129 மில்லிமீட்டரை எஃப் 6.4ஆல் வகுத்தால் ஒளி நுழைகிற வாசல் இருபது மில்லிமீட்டர், பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. வெளிச்சம் குறைந்தால் தடுமாறும். அதைவிட, நவம்பரில் வைக்கோல் புகையும் பட்டாசும் பனியும் சேர்ந்த காற்றை எந்தக் கண்ணாடியாலும் விலக்க முடியாது. தூரத்துக் கட்டடத்தை இழுத்தால் நடுவில் இருக்கிற அழுக்கும் சேர்ந்து பெரிதாகி வரும். மே மாதத்தில் தரையிலிருந்து எழும் சூட்டில் படம் நெளியும். ஜூமை முழுக்க நீட்ட லாயக்கான மாதங்கள் மழை கழுவிய ஆகஸ்ட், செப்டம்பரும், பிப்ரவரி கடைசியும்தான். நாற்பது மடங்கு வந்தபோது சர்தார்ஜி வாங்காததற்கு அவர் சொன்ன காரணம்: “இருபதுக்கு மேல் இழுத்தால் தில்லியில் புழுதியைத்தான் படம் எடுக்கிறோம்.”

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்கில் 2010இல் சுமார் 12.1 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின, அதில் ஏறக்குறைய 10.9 கோடி லென்ஸ் கழற்ற முடியாத கையடக்க வகை. 2023இல் மொத்தமே 77 லட்சம், கையடக்கம் 17 லட்சம். போன் முதலில் சாதாரணக் குட்டிக் கேமராவைத் தின்றது. பெரிய ஜூமைத் தொடக் கொஞ்சம் தாமதமாயிற்று, ஏனென்றால் லென்ஸ் நீளுகிற அளவுக்குப் போனுக்கு ஆழம் கிடையாது. ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தால் திருப்பி லென்ஸைப் படுக்கவைக்கிற தந்திரத்தை மினோல்டா 2002லேயே டிமாஜ் எக்ஸ் என்ற கேமராவில் செய்திருந்தது. 2019இல் ஹுவாவே பி30 புரோ அதையே ஐந்து மடங்குக்குப் போனில் வைத்தது. அதற்கப்புறம் ஆண்டு விழாக்களில் கைகள் மட்டும் உயர்ந்தன, கேமரா உயரவில்லை. இந்த வகை முழுக்கச் சாகவுமில்லை. ஐரோப்பிய யூனியன் கையடக்க மின்னணுச் சாதனங்களுக்கு ஒரே சார்ஜர் துளை என்று விதித்ததற்குப் பிறகு, 2025இல் பானசோனிக் டி.இஸட்.99 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதே முப்பது மடங்கு, புதுத் துளை, கண் துவாரத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். மே மாதத் தில்லியை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

காலனியும் பழையபடி இல்லை. மோதி பாக்கின் பழைய வீடுகளில் ஒரு பகுதியை இடித்து, அரசுக் கட்டுமான நிறுவனமான என்.பி.சி.சி. கட்டிய நியூ மோதி பாக் பெரிய அதிகாரிகளுக்காக 2010களின் ஆரம்பத்தில் வந்தது. 2018இல் பக்கத்து சரோஜினி நகர், நேதாஜி நகர் மறுகட்டுமானத்துக்கு ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப்போகிறார்கள் என்றதும் ஜனங்கள் தெருவில் இறங்கி மரங்களைக் கட்டிப்பிடித்தார்கள், உயர்நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. ஸ்டெனோக்காரர் தன் பழைய கார்டுகளைத் துழாவி இருவாச்சி உட்கார்ந்திருந்த மரங்களின் படங்களையெல்லாம் எடுத்தார். அப்போதுதான் இந்தக் கேமராக்களின் ஒரு குணம் எங்களுக்குத் தொந்தரவாக வந்தது. பேட்டரியைக் கழற்றி நாள் கணக்கில் வைத்தால் உள்ளே இருக்கிற கடிகாரம் பிறந்த தேதிக்கே திரும்பிவிடும். அதைத் திருத்தி வைக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. எங்கள் காலனியின் பத்து வருஷத்தில் பாதி, ஜனவரி முதல் தேதியில் நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

ஆகவே தேதியை வேறு வழியில் பிடிக்க வேண்டியிருக்கிறது. ரிங் ரோட்டில் மெட்ரோ தூண் தெரிந்தால் அது பின்னாளையது, மோதி பாக் ஸ்டேஷன் திறந்தது 2018 ஆகஸ்ட் 6இல். ஜன்னலில் கூலர் மாட்டியிருந்தால் கோடை. வேம்பு பூத்திருந்தால் ஏப்ரல். கொலுப் படம் என்றால் பாலக்காட்டு மாமியைக் கேட்டால் போதும், எந்த பொம்மை எந்த வருஷம் வந்தது என்று சொல்லிவிடுவார். இப்போதைக்கு எனக்கும் சர்தார்ஜிக்கும் ஒரே ஒரு படத்தில் தகராறு. அவர் வீட்டுப் பால்கனியிலிருந்து எடுத்தது, வேப்பம்பூவுக்கு நடுவில் இருவாச்சி, மூலையில் ரிங் ரோடு. மகன் டேராடூனிலிருந்து முதல் லீவில் வந்தபோது எடுத்தது, ஆகவே 2012 என்கிறார். நான் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போகிற பஸ் புளூலைன், அந்தக் காலத் தில்லியின் தனியார் பஸ். அந்த பஸ்களைக் காமன்வெல்த் போட்டிகளை ஒட்டி 2010இலேயே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். “நீலமாக இருந்தால் எல்லாம் புளூலைனா? பள்ளிக்கூட வண்டியாக இருக்கும்” என்கிறார் அவர். நம்பர் பிளேட் தெரிகிற அளவுக்கு அவர் அன்றைக்கு ஜூம் செய்யவில்லை.